சுண்ணாம்பாற்றில் இன்னும் அரை மணி நேரம்

1

போன வியாழக்கிழமைதான் முதன்முறையாக சேன் நதியில் சுற்றுலாப் படகு ஏறினேன். பாரீஸ் பக்கம் வந்து பதினைந்து வருடம் ஓடிவிட்டது. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் இறங்கிய மூன்றாம் நாளே அந்தப் படகில் ஏறி, ஈஃபிள் கோபுரத்தை முதுகுக்குப் பின்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இங்கேயே கிடப்பவனுக்குத்தான் வேளை வருவதில்லை. புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அங்கிருக்கும் மியூசியத்துக்குள் போயிருக்கிறோம்? அதே கதைதான்.

என் மகள் மீனாவின் வகுப்பைப் படகில் அழைத்துப் போகிறார்கள், துணைக்கு இரண்டு பெற்றோர் வேண்டும் என்று பள்ளியிலிருந்து தாள் வந்தது. அதில் நான்கு இடத்தில் கையெழுத்து. படகில் ஏற ஒன்று, படம் எடுத்தால் ஆட்சேபணை இல்லை என்று ஒன்று, அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக ஒன்று, எல்லாவற்றையும் படித்துப் பார்த்தேன் என்று ஒன்று. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி சமையற்கூடத்தில் எனக்கு வியாழன் விடுமுறை. அதனால் மாட்டிக்கொண்டேன். மீனாவுக்குப் பத்து வயது. முதல் நாள் மாலையே எனக்கு அறிவுரை சொல்லிவிட்டாள். டீச்சரிடம் அதிகம் பேசக்கூடாது, வாயில் எதையும் மென்றுகொண்டு வரக்கூடாது, பழுப்பு ஸ்வெட்டர் கூடவே கூடாது. எல்லாம் பிரெஞ்சில்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை அப்படித்தான் நடக்கிறது.

படகு கிளம்பியது. ஒவ்வொரு பாலத்துக்கும் ஒலிபெருக்கியில் ஒரு குரல் ஐந்தாறு மொழிகளில் விளக்கம் சொல்லிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். இதற்கு முன் வேறு நதியில் படகில் போனவர்கள் யார் என்று டீச்சர் கேட்டார். மீனா கையைத் தூக்கினாள்.

இந்தியாவில் அப்பாவோடும் அண்ணனோடும் போனேன் என்றாள். இரண்டு பக்கமும் தென்னை மரம், கடைசியில் ஒரு கடற்கரை. அவள் வாழ்நாளிலேயே அதுதான் சந்தோஷமான நாளாம். வீட்டுக்குத் திரும்பினால் வீடு நிறைய ஆட்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்களாம். தரையில் இலை போட்டு வடை, பாயசம் எல்லாம் வைத்துப் பெரிய விருந்து. டீச்சர் என் பக்கம் திரும்பி, எவ்வளவு அருமையான நினைவு, என்ன கொண்டாட்டம் அது என்று கேட்டார். குடும்ப விருந்து என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தேன்.

அது என் அப்பாவின் தலைத்திவசம்.

2

பிராங்க் போய் யூரோ வந்ததற்கு அடுத்த வருடம் அப்பா இறந்தார். முதலியார்பேட்டை மில்லில் முப்பது வருடம் ஷிப்டு பார்த்தவர். முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊரின் அந்த மூலைக்குப் போய் வருவார். ஓய்வுபெற்ற பிறகு அவர் நெஞ்சுக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டதுபோல ஒரு இழுப்பு. கடைசி ஆறு மாதம் பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகத் தம்பி சேகர்தான் அலைந்தான். அந்த ஆறு மாதத்தில் நான் ஒருமுறை போயிருக்கலாம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஒரு காலையில் சேகர் கூப்பிட்டான். அழவில்லை. விஷயத்தைச் சொன்னான். பிறகு கேட்டான்.

"எப்பண்ணே வர்ற? ஐஸ் பெட்டிக்குச் சொல்லியிருக்கு. ரெண்டு நாள் தாங்கும்."

எனக்கு அப்போது பத்து வருடக் குடியுரிமை அட்டை என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தங்குரிமை அட்டை முடிந்து, புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். என் மனைவி ஜெயந்தி பிறப்பிலேயே பிரெஞ்சுப் பிரஜை. நான் அவளைக் கட்டிக்கொண்டு வந்த இந்தியன். அட்டைக்குப் பதிலாகப் போட்டோ ஒட்டி முத்திரை குத்திய ஒரு ரசீதுத் தாள் கையில் இருந்தது. அந்தத் தாளோடு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ ரயிலில் சொல்லிக் கேட்டிருந்தேன். யார் சொன்னார்கள் என்றுகூட நினைவில்லை.

"காகிதம் சிக்கிக்கிச்சுடா" என்று சேகரிடம் சொன்னேன். "ரசீதுதான் கையில இருக்கு. வந்தா திரும்பி வர முடியாது."

சரிண்ணே, பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று வைத்துவிட்டான்.

கவுண்டரில் போய்க் கேட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். ரசீதையும் பழைய அட்டையையும் சேர்த்து வைத்துக்கொண்டு தாராளமாகப் போய் வரலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் போகலாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துதான் கேட்கவில்லை. புது வேலை, மூன்று மாதம் சோதனைக் காலம், அது ஒரு சாக்கு. உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காதவன் செத்த பிறகு போய் எந்த முகத்தோடு நிற்பது என்பதுதான் உள்ளே இருந்த காரணம். அன்று வழக்கம்போல வேலைக்குப் போனேன். நூற்றுச் சொச்சம் பேருக்கு உருளைக்கிழங்கு மசித்தேன். சேகர் கொள்ளி வைத்தான். மறுநாள் திருக்காஞ்சிக்குப் போய் ஆற்றில் சாம்பலைக் கரைத்ததும் அவன்தான்.

3

தலைத்திவசத்துக்கு இரண்டு மாதம் முன்பே சேகர் சொல்லிவிட்டான். பெரிய பிள்ளை இருக்கும்போது சின்னவன் கொள்ளி வைத்தது அம்மாவுக்கு ஒரு குறை. சொந்தக்காரர்கள் வாயிலும் அதுதான் பேச்சு. திவசத்துக்காவது நீ உட்கார்ந்து செய்துவிடு, அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்றான். புது அட்டை கைக்கு வந்திருந்ததால் எனக்கும் வேறு சாக்கு இல்லை. ஜெயந்திக்கு லீவு கிடைக்கவில்லை. மகன் அருணையும் மீனாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவனுக்குப் பத்து வயது, இவளுக்கு ஆறு.

பிள்ளைகளுக்கு ஊர் ஒத்துக்கொள்ளவில்லை. கொசுக்கடி, வெயில், புரியாத பேச்சு. சேகரைச் சித்தப்பா என்பதற்குப் பதில் பிரெஞ்சில் 'தோந்தோன்' என்று அவர்கள் கூப்பிட, சேகரின் மனைவி மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, திவசம். காலை ஏழு மணிக்கே சொந்தங்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். வந்த ஒவ்வொருவரும் அருணின் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். வந்த ஒவ்வொருவரும் என்னையும் ஒரு பார்வை பார்த்தார்கள். எனக்குக் கட்டிலுக்கு அடியில் இடம் இல்லை.

படகில் கூட்டிப் போவதாகப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். திங்கட்கிழமை போயிருக்கலாம். விமானம் செவ்வாய்தான். ஆனாலும் சேகரிடம் போய், பிள்ளைகள் ரொம்பப் படுத்துகிறார்கள், சட்டென்று சுண்ணாம்பாறு வரைக்கும் போய் வந்துவிடுகிறேன் என்றேன். அவன் வடைக்கு எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்தான். தடுக்கவில்லை.

"ஐயரு பதினொன்றரைக்கு வராரு. அவருக்கு இன்னொரு வீடு இருக்குதாம். பதினோரு மணிக்குள்ள வந்துடுண்ணே" என்று சொல்லித் தன் செல்போனை என் கையில் கொடுத்தான்.

ஆட்டோ முதலியார்பேட்டை வழியாகக் கடலூர் ரோட்டில் போயிற்று. மில் வாசலைத் தாண்டும்போது, தாத்தா வேலை பார்த்த இடம் என்று காட்டினேன். அருண் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நோணாங்குப்பத்தில் இறங்கினால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். சென்னையிலிருந்து வந்த இரண்டு பஸ் ஆட்கள் எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். சீட்டு வாங்கி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு படகில் உட்காரும்போதே பத்தரை ஆகிவிட்டது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

படகு கிளம்பியதும் பிள்ளைகள் முகம் மாறியது. நாலு நாளாகத் தொங்கிக்கொண்டிருந்த முகங்கள். மீனா கையைத் தண்ணீரில் விட்டுக் கோடு இழுத்துக்கொண்டு வந்தாள். அருண் எழுந்து நின்று தென்னந்தோப்பைக் காட்டி ஏதோ கத்தினான். எனக்கும் மனது லேசாகிவிட்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேச்சுக் கொடுப்போமே என்று படகோட்டியிடம், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். முத்தியால்பேட்டைக்காரன் கேட்கிற கேள்வியா அது? என் சட்டையையும் பிள்ளைகள் பேச்சையும் பார்த்து அவர் என்னை வெளியூர் ஆள் என்று நினைத்துவிட்டார்.

"எல்லாம் சங்கராபரணி தண்ணிதான் சார். மேல திருக்காஞ்சி இருக்குல்ல, அப்படியே அங்க இருந்து எறங்கி வருது. காசிக்குச் சமம்னு சொல்வாங்க. அங்க கரைச்சதெல்லாம் இப்படித்தான் கடலுக்குப் போவும்."

மீனா இன்னும் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டிருந்தாள். கையை எடு என்று அதட்டினேன். ஏன் என்று கேட்டாள். அவள் மறுபடியும் கையை விட்டாள். சேகர் ஒரு வருடம் முன்பு இடுப்பளவு தண்ணீரில் நின்று கரைத்தது இந்த வழியாகத்தானே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மணியைப் பார்த்தேன். பதினொன்றுக்குப் பத்து நிமிடம்.

கடற்கரையில் இறக்கிவிட்டார்கள். அடுத்த படகிலேயே ஏறிவிடுவது என்றுதான் இறங்கினேன். பிள்ளைகள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அலையைப் பார்க்க ஓடினார்கள். பதினொன்றே கால் இருக்கும், செல்போன் அடித்தது. சேகரின் செல் என்னிடம் இருந்ததால் எதிர்வீட்டு நம்பரிலிருந்து கூப்பிடுகிறான். அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் அடித்தது. ஐயருக்கு எதிரில் வெற்று உடம்போடு உட்கார வேண்டும். சுற்றி அத்தனை பேரும் நிற்பார்கள். காரியத்துக்கு ஏன்பா வரல என்று யாராவது ஒருவர் கேட்டே தீருவார்கள். அருண் ஓடி வந்து, இன்னும் கொஞ்ச நேரம் அப்பா என்று கெஞ்சினான்.

"இன்னும் அரை மணி நேரம்" என்றேன். செல்போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

இதுவரை மூன்று பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் அடம் என்று ஒருவரிடம், படகு தாமதம் என்று ஒருவரிடம், கூட்டம் என்று ஒருவரிடம். அணைத்தது என் விரல்தான்.

4

அந்த அரை மணி நேரம் நீண்டுகொண்டே போய், வீட்டுக்கு வந்தபோது இரண்டரை. தெருமுனையிலேயே ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன். பிள்ளைகள் முட்டி வரை ஈரம், கால் முழுக்க மணல். மீனா கையில் ஒரு பிடி கிளிஞ்சல்.

வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயர் வந்து, காத்திருந்து பார்த்து, சேகரை உட்கார வைத்து முடித்துக்கொண்டு போய்விட்டாராம். மொட்டை மாடியில் வைத்த சோற்றைக் காக்கை வந்து எடுத்துவிட்டதாம். அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, நாற்காலியில் இருந்தார். நான் என்ன சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"வாப்பா. வேல முடிஞ்சுதா? சேகரு சொன்னான். கான்சல் ஆபீஸ்ல ஏதோ காகிதம் சிக்கிக்கிச்சாமே, உடனே வரச் சொல்லிட்டானுங்களாமே."

சேகர் கதவருகே நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அதை நினைத்தால்தான் இன்று கூசுகிறது. முடிந்தது பெரியப்பா, ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்தது என்று நானும் ஒத்து ஊதினேன்.

பெரியப்பா தலையாட்டினார். வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழமையும் தொறந்து வச்சிருக்கானுங்களே. பரவால்ல."

அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் பிரெஞ்சுப் பென்ஷன் வருகிறது. அந்தப் பிரெஞ்சுத் தூதரக ஆபீஸ் எந்த நாள் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும், எந்தக் கவுண்டரில் இருப்பவர் சிடுசிடுப்பார் என்பது பால்காரருக்குக்கூடத் தெரியும். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பொய்யைச் சொன்ன சேகர் மட்டும்தான் அன்று என்ன கிழமை என்பதை மறந்திருக்கிறான். அத்தனை பேரும் என் பிள்ளைகளின் கால்களைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். ஒரு அத்தை எழுந்து உள்ளே போனார். இன்னொருவர் மழை வருமா என்று கேட்டார்.

அம்மா வெளியே வந்து இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனாள். குழாயடியில் நிற்க வைத்து மணல் போகக் காலைக் கழுவிவிட்டாள். மாத்திரை போட வேண்டும் என்று மல்லிகா அவளை வற்புறுத்திச் சாப்பிட வைத்திருந்தாள். சேகர் மட்டும் சாப்பிடவில்லை. அப்பா படத்துக்கு எதிரில் நான்கு இலை போட்டிருந்தது. பிள்ளைகளுக்கு இரண்டு, எனக்கும் அவனுக்கும் இரண்டு. மீனாவுக்கு நினைவிருக்கும் விருந்து அதுதான். தாத்தா படத்துக்கு மாலை போட்டிருந்ததை அவள் அலங்காரம் என்று நினைத்திருக்கிறாள். காத்திருந்தவர்கள் தனக்காகக் காத்திருந்தார்கள் என்று நினைத்திருக்கிறாள். அதில் பாதி உண்மைதான்.

பெரிய பிள்ளை கட்டிக்கொள்வதற்காகப் படத்துக்கு முன்னால், முனையில் மஞ்சள் தடவிய புது வேட்டி ஒன்றை வைத்திருந்தார்கள். சேகர் பழைய வேட்டியோடே உட்கார்ந்து திவசத்தை முடித்திருக்கிறான். சாப்பிட்டுக் கை கழுவியதும் புது வேட்டியை என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஏறும்போது அது என் பெட்டிக்குள் இருந்தது. இன்று வரை கட்டவில்லை. இங்கே அலமாரியில் குளிர்காலப் போர்வைகளுக்கு அடியில் கிடக்கிறது.

5

சேன் நதியில் படகு ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு ஏறிய இடத்திலேயே எங்களை இறக்கிவிட்டது. பிள்ளைகளை எண்ணினோம், சரியாக இருந்தது. நான் ஒழுங்காக நடந்துகொண்டதாக மீனா ரயிலில் சான்றிதழ் கொடுத்தாள். பிறகு, அந்த இந்தியப் படகில் மறுபடி எப்போது போவோம் என்று கேட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். அவளிடம் இருக்கும் ஒரே ஊர் நினைவு அது. அதையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அருணுக்குப் பதினான்கு வயதாகிறது. அவனைக் கேட்டால் அந்தப் படகே நினைவில்லை என்கிறான்.

அன்று மாலை தொலைபேசி அட்டை ஒன்று வாங்கி வந்து ஊருக்குக் கூப்பிட்டேன். அப்பாவின் திதி அடுத்த மாதம் வருகிறது. தலைத்திவசத்துக்குப் பிறகு வந்த மூன்றுக்கும் நான் போகவில்லை. மல்லிகா எடுத்தாள், நலம் விசாரித்துவிட்டு சேகரிடம் கொடுத்தாள். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. அப்பா செத்தபோது காகிதம் எதுவும் சிக்கவில்லை, வந்திருக்கலாம், நான் கேட்கவே இல்லை என்று சொன்னேன். கடற்கரையில் செல்போனை அணைத்ததையும் சொன்னேன். ஐந்து வருடமாக வயிற்றுக்குள் கிடந்தது வெளியே வந்ததும் அந்தப் பக்கம் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். திட்டுவான், அழுவான், குறைந்தபட்சம் ஆச்சரியப்படுவான் என்று எதிர்பார்த்தேன்.

"தெரியும்ணே" என்றான் சேகர்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நம்ம எதிர்வீட்டு அந்துவானும் அங்கதான இருக்கான். அப்பா செத்த அதே மாசம் அவன் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்துட்டுப் போனான். அவன் கையிலயும் ரசீதுதான் இருந்துச்சு. காட்டுனான்."

அப்படியானால் திவசத்தன்று கான்சல் ஆபீஸ் என்று சொன்னபோதும் அவனுக்குத் தெரியும். அதற்கு ஒரு வருடம் முன்பு நான் அவனுக்குக் கொடுத்த பொய்யையே எடுத்து, என் மானத்தைக் காப்பாற்றக் கொடுத்திருக்கிறான். அதற்குப் பின் வந்த மூன்றில் முதல் இரண்டு திதிக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறானாம். ஒரு வருடம் அட்டை, ஒரு வருடம் பாஸ்போர்ட்.

மன்னித்துவிடுடா என்று சொன்னேன். விடுண்ணே என்றான். பின்னால் மல்லிகா ஏதோ கேட்டாள், அரிசி எத்தனை படி போடுவது என்பதுபோலக் காதில் விழுந்தது. அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி என்னிடம் வந்தான். குரலில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததால் கேட்டான்.

"பெரியப்பா இந்த வருசமும் வருவாரு. என்னா சொல்லட்டும்ணே?"

வரேன்னு சொல்லு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. போன வருடமும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.